'அகராதியில் சேர்': சேர்த்த சொல் எங்கே போகிறது?

கணினியில் கடிதம் தட்டச்சு செய்யும்போது ஓர் ஊர்ப் பெயரின் அடியில் சிவப்பு நெளிகோடு விழுகிறது. பெயர் சரிதான். வலச்சொடுக்கு செய்து 'அகராதியில் சேர்' என்பதைத் தேர்ந்தெடுத்ததும் கோடு மறைகிறது. அதே கடிதத்தை வேறொரு கணினியில் திறந்தால் கோடு மறுபடியும் வந்து நிற்கிறது. புதுக் கணினி வாங்கினால் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த சொற்கள் அத்தனையும் காணாமல் போகின்றன. தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 'வேதாரண்யம்' என்ற பெயரைச் சேர்த்து முடித்த பிறகும் 'வேதாரண்யத்தில்' என்று எழுதினால் கோடு விழுகிறது.

சேர்த்த சொல் கடிதத்துக்குள் போவதில்லை. கணினியில் பயனரின் பெயரில் இருக்கும் ஒரு சிறு கோப்பில் போய் உட்காருகிறது. கடிதம் ஊர் மாறும்போது அந்தக் கோப்பு கூடவே போவதில்லை. அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, அதற்குள் என்ன எழுதியிருக்கிறது, அதை எப்படித் தேவைக்கு ஏற்ப மாற்றலாம் என்பவை தெரிந்தால் மேலே சொன்ன எல்லாச் சிக்கல்களும் அவிழும்.

சிவப்புக் கோடு சொல்வது என்ன?

பிழைதிருத்தி எனப்படும் நிரலுக்கு மொழி தெரியாது. இடைவெளியும் நிறுத்தக்குறியும் வரும் இடங்களில் அது வரியைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் தன்னிடம் உள்ள பட்டியலில் தேடுகிறது. கிடைத்தால் பேசாமல் கடந்துவிடும். கிடைக்காவிட்டால் கோடு போடும். ஆகவே கோட்டின் பொருள் 'இந்தச் சொல் பட்டியலில் இல்லை' என்பது மட்டுமே. அது பிழையா, பிழைதிருத்தி அறியாத நல்ல சொல்லா என்று முடிவு செய்யும் பொறுப்பு எழுதுபவருடையது.

இந்த முறைக்கு அரை நூற்றாண்டு வயதாகிறது. 1971இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரால்ஃப் கோரின் 'ஸ்பெல்' என்ற நிரலை எழுதினார். இன்றைய பிழைதிருத்திகளின் முன்னோடிகளில் அது முக்கியமானது. அதே பத்தாண்டில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கான பிழைதிருத்தியை டக்ளஸ் மெக்கில்ராய் செப்பனிட்டார். அவருக்குக் கிடைத்த நினைவகம் 64 கிலோபைட். அதற்குள் சுமார் 30,000 ஆங்கிலச் சொற்களை அடக்க வேண்டியிருந்தது. சொற்களைச் சுருக்கிப் பதிந்ததோடு, சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டும் பகுதிகளை வெட்டி வேர்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொள்ளும் வழியையும் அவர் கையாண்டார். இட நெருக்கடிக்காகப் பிறந்த அந்த உத்தி, தமிழ் போன்ற மொழிகளுக்கு இன்றும் தவிர்க்க முடியாதது. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே கோடு விழும் வழக்கம் மைக்ரோசாஃப்ட் வேர்டின் 1995ஆம் ஆண்டுப் பதிப்போடு பரவியது.

மூன்று வகைப் பட்டியல்கள்

இன்றைய சொற்செயலி மென்பொருளில் பட்டியல் ஒன்றல்ல, மூன்று.

முதலாவது முதன்மை அகராதி. மென்பொருளோடு வருவது, அல்லது பின்னர் தனியாக நிறுவப்படுவது. மொழிக்கு ஒன்று இருக்கும்.

இரண்டாவது பயனர் அகராதி. 'அகராதியில் சேர்' என்று சொன்னதும் சொல் போய்ச் சேரும் இடம் இதுதான். தொடக்கத்தில் காலியாக இருக்கும்.

மூன்றாவது விலக்கு அகராதி. முதன்மை அகராதியில் சரியென்று இருந்தாலும், பயனர் தமக்கு வேண்டாம் என்று ஒதுக்கும் சொற்கள் இதில் இடம்பெறும். ஆங்கிலத்தில் 'மேனேஜர்' என்று தட்டும்போது ஓர் எழுத்து விட்டுப்போனால் மாட்டுத்தீவனத் தொட்டியைக் குறிக்கும் 'மேஞ்சர்' வந்துவிடும். அதுவும் ஆங்கிலச் சொல்தான் என்பதால் கோடு விழாது. அலுவலகக் கடிதங்களில் அந்தத் தொட்டிக்கு வேலை இல்லை. அந்தச் சொல்லை விலக்கு அகராதியில் எழுதி வைத்தால் அடுத்த முறை கோடு விழும்.

இவற்றோடு ஒவ்வொரு பத்தியிலும் அதன் மொழி எது என்ற குறிப்பு மறைவாகப் பதிந்திருக்கும். தமிழ்ப் பத்தியின் மேல் வேறு மொழியின் குறிப்பு இருந்தால் தமிழ் அகராதி அதைத் தொடவே தொடாது. பிழைதிருத்தி வேலை செய்யவில்லை என்று தோன்றும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குறிப்பைத்தான்.

இரண்டு கோப்புகளில் ஒரு மொழி

வேர்டின் முதன்மை அகராதி பூட்டிய பெட்டி. அதன் 'லெக்ஸ்' வகைக் கோப்பைத் திறந்தால் படிக்க முடியாத குறிகளே தெரியும். லிப்ரெஆபிஸ், ஃபயர்பாக்ஸ் போன்ற திறமூல மென்பொருள்கள் பயன்படுத்தும் 'ஹன்ஸ்பெல்' அப்படியல்ல. அதன் அகராதியை நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம்.

ஹன்ஸ்பெல்லை எழுதியவர் ஹங்கேரியைச் சேர்ந்த லாஸ்லோ நேமெத். லிப்ரெஆபிஸின் முன்னோடியான ஓப்பன் ஆபிஸில் அதற்கு முன் இருந்தது கெவின் ஹென்ட்ரிக்ஸ் எழுதிய 'மைஸ்பெல்'. அது ஒரு சொல்லின் கடைசியிலிருந்து ஒரே ஒரு விகுதியைத்தான் கழற்றும். ஆங்கிலத்துக்கு அது போதும். ஹங்கேரிய மொழியில் தமிழைப் போலவே விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும். நேமெத் அதை இரண்டு விகுதிகள் வரை கழற்றும்படி விரிவாக்கினார். மொழியின் பெயரே நிரலின் பெயருமானது.

ஹன்ஸ்பெல் அகராதி இரண்டு கோப்புகளால் ஆனது. முதலாவது 'டிக்' என்று முடியும் சொல் கோப்பு. அதன் முதல் வரியில் சொற்களின் தோராயமான எண்ணிக்கை இருக்கும். அடுத்த வரிகளில் வரிக்கு ஒரு சொல். சொல்லுக்குப் பின் ஒரு சாய்கோடும், அது எந்தக் குழுவைச் சேர்ந்தது என்ற குறியும் வரலாம். இரண்டாவது 'ஆஃப்' என்று முடியும் ஒட்டுக் கோப்பு. சொல்லோடு என்னென்ன ஒட்டுகள் சேரும், சேரும்போது சொல் எப்படித் திரியும் என்ற விதிகள் அதில் இருக்கும். முதல் கோப்பைச் சொற்களஞ்சியம் என்றும் இரண்டாவதை இலக்கணம் என்றும் கொள்ளலாம்.

'மரம்' என்ற ஒரு சொல்

இந்த இரண்டு கோப்புகளும் சேர்ந்து இயங்கும் விதத்தை 'மரம்' என்ற சொல்லை வைத்துப் பார்க்கலாம்.

ஒருமையில் இந்தச் சொல்லின் வடிவங்கள்: மரம், மரத்தை, மரத்தால், மரத்துக்கு, மரத்திற்கு, மரத்தின், மரத்தில், மரத்தோடு, மரத்துடன், மரத்திலிருந்து. மொத்தம் 10. பன்மையில் மரங்கள், மரங்களை, மரங்களுக்கு என்று இன்னும் 9. ஆக 19. ஒவ்வொன்றின் பின்னும் உம், ஏ, ஓ என்ற மூன்றில் ஒன்று வரலாம், வராமலும் இருக்கலாம். நான்கால் பெருக்கினால் 76. 'மரத்தைப் பார்த்தான்', 'மரத்துக்குத் தண்ணீர்' என்று வல்லினம் மிகும் இடங்களும் உண்டு. மரத்தை, மரத்துக்கு, மரத்திற்கு, மரங்களை, மரங்களுக்கு ஆகிய ஐந்து வடிவங்களின் பின்னும் க், ச், த், ப் வரலாம் என்பதால் மேலும் 20. ஒரு சொல்லுக்கு ஏறத்தாழ 100 வடிவங்கள்! 10,000 பெயர்ச்சொற்களை இப்படி விரித்து எழுதினால் பட்டியல் பத்து லட்சம் வரிகளைத் தொடும். வினைச்சொற்கள் இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை.

ஒட்டுக் கோப்பு இந்தச் சுமையைக் குறைக்கிறது. அதில் ஒவ்வொரு விதியும் நான்கு தகவல்களைக் கொண்டது: குழுக்குறி, நீக்க வேண்டியது, சேர்க்க வேண்டியது, நிபந்தனை. குழுக்குறியாக எண்களையும் வைத்துக்கொள்ளலாம். 1 என்ற குழுவுக்கான முதல் விதி: சொல் 'ம்' என்று முடிந்தால், 'ம்' நீக்கு, 'த்தை' சேர். அடுத்த விதி: 'ம்' நீக்கு, 'த்தில்' சேர். மற்றொன்று: 'ம்' நீக்கு, 'ங்களை' சேர். இப்படி 18 விதிகள் எழுதினால் ஒருமையும் பன்மையும் முடிந்தன. சொல் கோப்பில் 'மரம்/1' என்று ஒரே வரி போதும். 'பழம்/1', 'நிலம்/1', 'பாடம்/1' என்று எத்தனை சொற்களையும் அதே விதிகளின் கீழ் கொண்டுவரலாம்.

2 என்ற குழு 'உம்' சேர்ப்பதற்கு. 'மரத்தை' போல ஐகாரத்தில் முடிந்தால் 'யும்' சேர். 'மரத்துக்கு' போல உகரத்தில் முடிந்தால் 'ம்' சேர். 'மரத்தில்' போல மெய்யில் முடிந்தால் புள்ளியை நீக்கி 'ும்' சேர். முதல் குழுவின் விதியில் 'த்தை' என்பதற்குப் பதில் 'த்தை/2' என்று எழுதிவிட்டால், அதன் பின் இரண்டாம் குழு வரலாம் என்று பொருள்.

இப்போது ஒருவர் 'மரத்தையும்' என்று தட்டுகிறார். பிழைதிருத்தி பின்னாலிருந்து பிரிக்கத் தொடங்கும். 'யும்' கழன்றால் 'மரத்தை'. 'த்தை' கழன்று 'ம்' சேர்ந்தால் 'மரம்'. அது சொல் கோப்பில் இருக்கிறதா? இருக்கிறது. 1 என்ற குறி உண்டா? உண்டு. அந்த விதி 2ஐ அனுமதிக்கிறதா? அனுமதிக்கிறது. கோடு விழாது. 'மரதையும்' என்று ஒற்று விட்டுப்போனால் எந்த விதியும் பொருந்தாது, கோடு விழும்.

'மரங்களையும்' என்ற சொல்லில் கள், ஐ, உம் என்று மூன்று ஒட்டுகள் இருக்கின்றன. ஹன்ஸ்பெல் கழற்றுவது இரண்டைத்தான். 'ங்களை' என்பதை ஒரே ஒட்டாக எழுதி வைப்பதால்தான் மேலே உள்ள திட்டம் செல்லுபடியாகிறது. தமிழ் இலக்கணத்தின் அடுக்குகளை இரண்டுக்குள் மடிப்பதே தமிழ் ஒட்டுக் கோப்பு எழுதுவோரின் பெரும்பாடு.

குறி போடுவது மனிதர் வேலை

'ம்' என்று முடியும் எல்லாச் சொல்லும் 1ஆம் குழுவில் சேராது. 'ரூம்' என்பது 'ரூமில்' ஆகுமே தவிர 'ரூத்தில்' ஆகாது. 'டீம்', 'ஃபிலிம்' ஆகியவையும் அப்படியே. 'நாம்' என்பது 'நம்மை' ஆகும். கடைசி எழுத்தை மட்டும் பார்த்து இந்த வேறுபாட்டை அறிய முடியாது. சொல்லுக்குச் சொல் யோசித்து ஒருவர் குறி போட வேண்டும்.

'ஆறு' இன்னும் சுவையான சொல். நதியானால் 'ஆற்றை', எண்ணானால் 'ஆறை'. இரண்டும் சரி என்பதால் இரண்டு குழுக்குறிகளையும் அதற்குத் தர வேண்டும். அதன் பிறகு 'ஆறைக் கடந்தான்' என்று எழுதினால் பிழைதிருத்தி கண்டுகொள்ளாது. சொல்லின் வடிவத்தை மட்டுமே அது பார்க்கிறது, பொருளை அல்ல.

கோப்புகள் இருக்கும் இடம்

விண்டோஸில் வேர்டின் பயனர் அகராதி பயனருடைய கோப்புறைக்குள் 'ஆப்டேட்டா', அதற்குள் 'ரோமிங்', அதற்குள் 'மைக்ரோசாஃப்ட்', அதற்குள் 'யூப்ரூஃப்' என்ற வரிசையில் இருக்கிறது. கோப்பின் பெயர் 'கஸ்டம்.டிக்'. பலர் தேடியும் இது அகப்படாததற்குக் காரணம், 'ஆப்டேட்டா' மறைக்கப்பட்ட கோப்புறை என்பதே. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டும்படி அமைத்தால் தென்படும். கோப்பைத் தேடாமலே வேலையை முடிக்க, வேர்டின் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ப்ரூஃபிங்' என்பதற்குள் 'கஸ்டம் டிக்‌ஷனரீஸ்' என்ற பொத்தான் உண்டு. புதிய பட்டியல் தொடங்கவும், வேறு கணினியிலிருந்து வந்த பட்டியலை இணைக்கவும் அதுவே வாசல்.

விலக்கு அகராதிகளும் 'யூப்ரூஃப்' கோப்புறையில்தான் இருக்கும். கோப்பின் பெயரில் மொழியைக் குறிக்கும் எண் இருக்கும். அமெரிக்க ஆங்கிலத்துக்கு 0409. பெயர் 'லெக்ஸ்' என்று முடிந்தாலும் இது சாதாரண உரைக்கோப்புதான். நோட்பேடில் திறந்து வரிக்கு ஒரு சொல்லாக எழுதலாம்.

லிப்ரெஆபிஸின் பயனர் அகராதி 'ரோமிங்' கோப்புறைக்குள் 'லிப்ரெஆபிஸ்', '4', 'யூசர்', 'வேர்ட்புக்' என்ற வரிசையில் இருக்கும். மென்பொருளின் பதிப்பு எத்தனையானாலும் அந்த 4 மாறாமல் நிற்கிறது. லினக்ஸில் பயனருடைய இல்லக் கோப்புறையில் மறைந்துள்ள '.கான்ஃபிக்' என்பதற்குள் இதே அமைப்பு உண்டு. பொதுவாகச் சொற்கள் சேரும் கோப்பு 'ஸ்டாண்டர்ட்.டிக்'. அதன் தலைப்பில் கோப்பின் வகை, மொழி, அது ஏற்கும் பட்டியலா விலக்கும் பட்டியலா என்ற குறிப்பு, ஒரு கோடு ஆகியவை இருக்கும்; கோட்டுக்குக் கீழே சொற்கள். பெயர் 'டிக்' என்று முடிந்தாலும் இது ஹன்ஸ்பெல்லின் சொல் கோப்பு அல்ல. இதில் குழுக்குறிகளுக்கு இடமில்லை.

முதன்மை அகராதி லிப்ரெஆபிஸில் நீட்சியாக, அதாவது தனியே நிறுவக்கூடிய இணைப்பாக வருகிறது. அந்த நீட்சி உண்மையில் ஒரு ஜிப் பொதிதான். பிரித்தால் உள்ளே சொல் கோப்பும் ஒட்டுக் கோப்பும் கிடைக்கும். நிறுவிய அகராதியில் நேரடியாகக் கைவைத்தால் அடுத்த பதிப்பு வரும்போது மாற்றங்கள் அழிந்துபோகும். சொந்தச் சொற்களுக்குப் பயனர் அகராதியே பாதுகாப்பான இடம்.

வேதாரண்யத்தைச் சேர்ப்பது

ஊர்ப் பெயர்ச் சிக்கலுக்கு இப்போது விடை சொல்லலாம். பயனர் அகராதி வெறும் பட்டியல். 'வேதாரண்யம்' என்று அதில் எழுதினால் அந்த வடிவம் மட்டுமே ஏற்கப்படும். ஒட்டு விதிகள் முதன்மை அகராதியின் சொற்களுக்கு மட்டுமே உரியவை.

லிப்ரெஆபிஸ் 6.0 பதிப்பு இதற்கு ஒரு வழி திறந்தது. மொழி குறிப்பிட்டு உருவாக்கிய பயனர் அகராதியில் புதுச் சொல்லோடு ஒரு மாதிரிச் சொல்லையும் தரலாம். 'வேதாரண்யம்' என்று எழுதி, பக்கத்துக் கட்டத்தில் 'மரம்' என்று கொடுத்தால், 'மரம்' எப்படியெல்லாம் திரியுமோ அப்படியெல்லாம் இதுவும் திரியும் என்று பிழைதிருத்தி எடுத்துக்கொள்ளும். நிறுவிய தமிழ் அகராதியில் 'மரம்' தன் குழுக்குறிகளோடு இருந்தால் வேதாரண்யத்தை, வேதாரண்யத்தில், வேதாரண்யத்துக்கும் ஆகிய அனைத்தும் ஒரே வரியில் அடங்கும். மாதிரியைச் சரியாகத் தேர்வதில் கவனம் வேண்டும். 'சேலம்' என்பதற்கு 'மரம்' பொருந்தும். 'பிரேம்' என்ற ஆள்பெயருக்குப் பொருந்தாது.

வேர்டில் இந்த வசதி இல்லை. அங்கே அடிக்கடி வரும் வடிவங்களைத் தனித்தனி வரிகளாக எழுதுவதே வழி.

ஒன்றுபோல் தோன்றும் வேறு சொற்கள்

கோப்பில் சொல் இருக்கிறது, எழுத்தும் சரி, ஆனாலும் கோடு விழுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் குறிமுறையில் இருக்கும். எழுத்துகளுக்கு எண் கொடுத்துச் சேமிக்கும் ஏற்பாடே குறிமுறை. வேர்டின் பயனர் அகராதி யூனிகோடின் 16 பிட் வடிவத்தில் இருக்க வேண்டும். நோட்பேடில் திருத்திவிட்டு 'ஆன்சி' என்ற பழைய வடிவத்தில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

யூனிகோடுக்குள்ளும் பொறிகள் உண்டு. 'கொடி' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எண்களை ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். 'ஔ' என்பதற்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்துகளைத் தட்டுவதும் இதே வகை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்களின் நிலை இன்னும் மோசம். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது உள்ளே ரோமன் எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடுக்கு மாற்றாத வரை எந்தத் தமிழ் அகராதியும் அதற்கு உதவாது.

பரிந்துரைகள் பிறக்கும் விதம்

கோடு விழுந்த சொல்லுக்குப் பதிலாகச் சில சொற்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. இதற்கு அடிப்படை 1964இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஃபிரெட் டேமராவ் வெளியிட்ட கட்டுரை. சொற்பிழைகளில் சுமார் 80 விழுக்காடு நான்கு வகைகளில் ஒன்றாகவே இருந்ததை அவர் கண்டார்: ஓர் எழுத்து கூடுவது, குறைவது, மாறுவது, அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுவது. பிழையான சொல்லில் இந்த மாற்றங்களைச் செய்து பார்த்து, கிடைப்பதில் அகராதியில் உள்ளவற்றை நிரல் காட்டுகிறது.

'பளம்' என்று எழுதினால் ஓர் எழுத்தை மாற்றி பழம், பலம், பணம், படம், பயம் என்று பலவற்றைப் பெறலாம். இவற்றில் எது முதலில் வர வேண்டும்? ஒட்டுக் கோப்பில் மாற்று அட்டவணை என்று ஒரு பகுதி உண்டு. ள–ழ, ல–ள, ன–ண, ர–ற என்று தமிழர் வழக்கமாகத் தடுமாறும் இணைகளை அதில் எழுதி வைத்தால் பழமும் பலமும் முன்னால் வரும்.

'பள்ளம்' என்று எழுத வந்தவர் 'ள்' விட்டிருந்தால் கதை வேறு. வாசகர் கண்ணுக்கு விட்டுப்போனது ஓர் எழுத்து. கணினி 'ள்' என்பதை 'ள', புள்ளி என்று இரண்டு குறியீடுகளாகச் சேமிப்பதால் அதன் கணக்கில் பிழை இரண்டு. ஒரு மாற்றத்தோடு நின்றுவிடும் நிரலுக்கு 'பள்ளம்' எட்டாது. 'ள' என்பதற்கு 'ள்ள' என்று மாற்று அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் எட்டிவிடும்.

பட்டியல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

சொற்கள் கூடக்கூடப் பிழைதிருத்தி மேம்படும் என்று தோன்றலாம். 1986இல் ஜேம்ஸ் பீட்டர்சன் ஆங்கிலச் சொற்பட்டியல்களை ஆராய்ந்து இதன் மறுபக்கத்தைக் காட்டினார். பட்டியல் பெருகும்போது, ஒரு சொல்லைத் தவறாகத் தட்டினால் அது இன்னொரு சரியான சொல்லாகிவிடும் வாய்ப்பும் பெருகுகிறது. 'பள்ளிக்குப் போனான்' என்பது 'பல்லிக்குப் போனான்' ஆனால் கோடு விழாது. யாரும் எழுதாத அருஞ்சொற்களையெல்லாம் அகராதியில் கொட்டினால் இத்தகைய பிழைகள் ஒளிந்துகொள்ள இடம் கூடும்.

வல்லினம் மிகும் இடங்களிலும் இதே குறை உண்டு. 'மரத்தைப்', 'மரத்தைக்' ஆகிய இரண்டும் அகராதியில் இருப்பதால் 'மரத்தைக் பார்த்தான்' என்று எழுதினாலும் பிழைதிருத்தி வாய் திறக்காது. அடுத்த சொல் என்ன என்று அது பார்ப்பதில்லை. சொற்களைச் சேர்த்துப் பார்க்கும் இலக்கணத் திருத்தி தனி நிரல். அகராதிக் கோப்பை எவ்வளவு செதுக்கினாலும் அந்த வேலை இதனால் ஆகாது.

ஆகவே பயனர் அகராதியை அளவாக வைத்துக்கொள்வது நல்லது. மருத்துவம், சட்டம், ஊர்ப் பெயர்கள் என்று துறைக்கு ஒரு கோப்பு வைத்து, தேவையானபோது மட்டும் இயக்கலாம். அவசரத்தில் பிழையான சொல்லையே சேர்த்துவிடுவது எளிதில் நேரும். அவ்வப்போது கோப்பைத் திறந்து அத்தகைய வரிகளை நீக்க வேண்டும். நோட்பேடில் திருத்தும் முன் சொற்செயலியை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தன் நினைவில் உள்ள பழைய பட்டியலைத் திரும்ப எழுதிவிடக்கூடும். கணினி மாற்றும் முன் கோப்பைப் படியெடுத்து, புதுக் கணினியில் அதே இடத்தில் வைத்தால் சேர்த்த சொற்கள் தொடர்ந்து கிடைக்கும். ஒரே பதிப்பகத்திலோ அலுவலகத்திலோ பலர் எழுதும்போது அந்தக் கோப்பின் படியை எல்லோருக்கும் கொடுத்தால் ஒரு பெயர் எல்லா மேசைகளிலும் ஒரே விதமாக எழுதப்படும்.